இடைகழியில் ஒரு கணினி

திருக்கோவலூர் இடைகழியைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ் மாணவர் அரியர். மழை பெய்யும் இரவொன்றில் பொய்கையார், பூதத்தார், பேயார் என்னும் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அங்கே வந்து ஒதுங்குகின்றனர். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம், அவ்வளவே இடம். நான்காவதாக யாரோ உள்ளே புகுந்து நெருக்குவதை இருளில் அவர்கள் உணர்ந்தார்கள் என்று வைணவ மரபு சொல்லும். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது இன்றைய திருக்கோவிலூரும் இம்மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. இடைகழி என்ற சொல்லே பேச்சில் ரேழி என்று மருவிற்று என்பர். தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள அந்தச் சிறு நடையில் யாரும் குடியிருப்பதில்லை. கடந்து போவதற்காகவே அது இருக்கிறது.

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு நாம் அமைத்துக்கொள்ளும் கருவிகளுக்குள்ளும் இப்படி ஓர் இடைகழி உண்டு. ப்ரீஆம்ப் என்று சொல்கிறோமே, அதுதான். தமிழில் முன்பெருக்கி என்னலாம். ஒருபுறம் பாடலைத் தரும் கருவி. மறுபுறம் ஒலிபெருக்கிப் பெட்டிகளை இயக்கும் ஆம்ப்ளிஃபயர். நடுவே நின்று, எந்த ஒலி உள்ளே போகலாம், எவ்வளவு போகலாம் என்று தீர்மானிப்பது முன்பெருக்கி. இந்த இடத்தில் தனியாக ஒரு பெட்டி இனியும் வேண்டுமா, வீட்டிலிருக்கும் கணினியையே நிறுத்தினால் போதாதா என்று நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். போதும் என்பதே நம் கருத்து. ஆனால் கணினி அங்கே இடைகழியாக மட்டுமே இருக்க வேண்டும், நான்காவது ஆளாக நெருக்கத் தொடங்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அதைச் சொல்கிறோம். இக்கருத்துக்கு நாம் வந்து சேர்ந்தது, நாமே செய்த ஒரு பிழையின் வழியாக. ஆகவே பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

இரண்டாண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவர் முதுகலை ஆய்வேட்டுக்காகக் கல்வராயன் மலையில் பாடல்கள் சேகரித்தார். அவருக்கு ஊர் வெள்ளிமலைப் பக்கம். அங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர், பேசுவதோ தமிழ். ஜாகிர்தார்களின் பிடி 1976-இல் அரசு கையகப்படுத்தும்வரை நீடித்த மலை அது. அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் மாணவரின் பாட்டி. சாமை குத்தும்போது பெண்கள் பாடும் பாட்டு அவருக்கு நினைவிலிருந்தது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வள்ளைப் பாட்டு என்று பாடம் நடத்துகிறோமே, அந்த உலக்கைப் பாட்டின் உயிருள்ள உறவினள் ஒருத்தி அரை நாள் பயணத்தில் இருக்கிறாள் என்றதும் நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமன்று.

கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தோம். 24 பிட்டில் பதிவு செய்ய வேண்டும், அளவைத் தாழ்த்தியே வைக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினோம். பதிவு உச்சத்தில் முட்டி உடைந்துவிட்டால் பிறகு எதைக்கொண்டும் திருத்த முடியாது. தாழ்ந்திருந்தால் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். மாணவரும் சொன்னபடியே செய்தார். பாட்டியின் வீட்டில் மின்அரைவை வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டதால் உரலும் உலக்கையும் இல்லை. அவர் தரையில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே பாடினார்.

பதிவு வந்தது. கருவியை நம் வீட்டு செட்டில் இணைத்துக் கேட்டோம். அது 1990-களில் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு ரேடியோ மெக்கானிக் கட்டித் தந்தது. எஸ்டிகே வகை ஐசி ஒன்றில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர். அதற்கு முன்னால் பாஸ், ட்ரெபிள், வால்யூம் என மூன்று திருகுகள் கொண்ட சிறு பலகை. அந்தப் பலகைதான் நம் வீட்டு முன்பெருக்கி. தாழ்ந்த அளவில் பதிவான குரல் கேட்கவில்லை என்று வால்யூமைத் திருகினோம். முதலில் திருகு கரகரத்தது. இன்னும் திருகினோம். குரலோடு சேர்ந்து சீறலும், ம்ம்ம் என்ற மின்முனகலும் எழுந்தன. முடிவில் பாட்டியின் குரல் மழைக்குள் யாரோ பேசுவதுபோல் இருந்தது. “பதிவு சரியில்லை, மறுபடி போய் எடுத்து வாருங்கள்” என்று மாணவரிடம் சொல்லிவிட்டோம்.

அவர் போனார், வெறுங்கையோடு திரும்பினார். பாட்டி பாட மறுத்துவிட்டாராம். “ஒருதடவ பாடுனது வாத்தியாருக்கு நல்லா இல்லயாமா? அப்ப வுட்ரு” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது மாணவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

பிழை பதிவில் இல்லை, நம் இடைகழியில் இருந்தது என்று தெரிய நமக்கு மூன்று மாதம் ஆயிற்று.

முன்பெருக்கி ஏன் வந்தது என்பதை இங்கே சற்று நினைவுகூர வேண்டும். இசைத்தட்டின் முள் எழுப்பும் மின்னழுத்தம் மிகச் சிறியது. பரவலாக வழங்கும் காந்த வகையில் ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். அத்துடன் இசைத்தட்டில் தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உச்ச சுரங்களைக் கூட்டியும் பதிப்பது வழக்கம். 1954-இல் இதற்கென ஒரு பொது அளவுமுறை ஏற்கப்பட்டது. கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன்செய்ய வேண்டும். இவ்விரு வேலைக்கும் நடுவே ஒரு கருவி கட்டாயம் தேவைப்பட்டது. நம் ஊர்த் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டிய மைக் செட்டுக்காரர்களின் ஆம்ப்ளிஃபயர்களுக்குள் மைக்குக்கும் இசைத்தட்டுக்கும் தனித்தனி நுழைவாயில்கள் இருந்தது நினைவிருக்கும். அப்பெட்டியின் வயிற்றுக்குள்ளேயே முன்பெருக்கி அடங்கியிருந்தது.

1982-இல் குறுந்தட்டு வந்தபோது இத்தேவையின் அடிப்படை மாறிவிட்டது. குறுந்தட்டுக் கருவி தானே 2 வோல்ட் வரை தந்தது. இன்று கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் டாக் என்னும் எண்ணொலி மாற்றிகள் பலவும் அதே அளவைத் தருகின்றன. பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களை முழு வலிமைக்கு இயக்க 1 வோல்ட்டோ 2 வோல்ட்டோ போதும். ஆக, நடுவில் பெருக்க வேண்டியது ஒன்றுமில்லை. குறைக்க வேண்டியதே இருக்கிறது. குறைப்பது மட்டுமே வேலையென்றால் அதைக் கணக்காகவே செய்துவிடலாம். கணக்குக்கென்றே பிறந்தது கணினி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதே. கணினியில் ஒலியளவைக் குறைத்தால் ஒலியின் நுட்பமும் குறைந்துவிடும் என்பர். ஒவ்வொரு 6 டெசிபெல் குறைப்புக்கும் ஏறக்குறைய ஒரு பிட் இழப்பு. குறுந்தட்டின் 16 பிட் ஒலியை 16 பிட் பாதையிலேயே 30 டெசிபெல் குறைத்தால் எஞ்சுவது 11 பிட். மெல்லிய சுரங்கள் கரடுதட்டிப்போகும். பழைய கணினிகளில் இது உண்மையாகவே நடந்தது. ஆனால் 2007-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா தொட்டு, கணினிக்குள் ஒலிக் கலவை 32 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் நடைபெறுகிறது. வெளியே டாக் 24 பிட்டில் ஏற்கிறது. 16 பிட் இசைக்குக் கீழே இன்னும் 8 பிட், அதாவது 48 டெசிபெல் அளவுக்கு வெற்றிடம் இருக்கிறது. வீட்டில் அன்றாடம் நாம் குறைக்கும் அளவுக்கு அது தாராளம். மின்விசிறி ஓடும் கூடத்தில் அந்த வேறுபாட்டைக் காதால் பிடிப்போம் என்று சொல்வது, அரிசிமணியைத் தராசில் நிறுத்து விலை பேசுவதற்கு ஒப்பாகும்.

மாறாக, பழைய வால்யூம் திருகின் குறைகளை நாம் பேசுவதே இல்லை. அதில் தூசி படியும், கரகரக்கும். மெல்லக் கேட்கும் இரவு வேளையில், திருகு அடியில் இருக்கும்போது, இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக ஒலிக்காது. பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். கணினியின் கணக்கில் இவை எவையும் இல்லை.

மூன்று மாதம் கழித்து நாம் செய்தது இவ்வளவுதான். மாணவரின் பதிவைக் கருவியிலிருந்து கணினிக்கு மாற்றினோம். சில ஆயிரம் ரூபாயில் ஒரு டாக் வாங்கினோம். மெக்கானிக்கிடம் செட்டைக் கொண்டுபோய், முன்பலகையைக் கழற்றிவிட்டு, நேரே ஆம்ப்ளிஃபயருக்கு இணைப்புக் கொடுக்கச் சொன்னோம். இப்போது அவருடைய மகன் கடையைப் பார்க்கிறார். “வால்யூமே இல்லாம விடமாட்டேன் சார், ஸ்பீக்கர் போயிடும்” என்று அவர் பிடிவாதமாக ஒரேயொரு புதிய திருகை மட்டும் வைத்துக் கொடுத்தார். அந்தப் பிடிவாதத்தின் அருமை பின்னர்தான் விளங்கிற்று.

வீட்டுக்கு வந்து பதிவைக் கணினியில் 24 டெசிபெல் உயர்த்தினோம். ஏறக்குறைய பதினாறு மடங்கு. 24 பிட் பதிவாதலால், கணக்கில் உயர்த்துவதால் புதிதாகச் சேரும் இரைச்சல் எதுவுமில்லை. பாட்டியின் குரல் கூடத்தில் எழுந்தது. சீறலும் முனகலும் போய்விட்டிருந்தன. மூன்று மாதமும் அந்தக் குரல் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஆனால் கேட்கக் கேட்க ஏதோ உறுத்திற்று. உள்ளங்கைத் தட்டலும் குரலும் இடையில் வாங்கும் மூச்சும் ஒரே உரத்தில் ஒலித்தன. தட்டல் வந்ததும் குரல் அமுங்கிற்று. தட்டல் ஓய்ந்ததும் மூச்சு புயலாகக் கிளம்பிற்று. உலக்கைப் பாட்டின் உயிரே ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. கை உயரும்போது மூச்சை இழுத்து, விழும்போது சொல்லை விடுவது அது. அந்த மேடும் பள்ளமும் சமதரையாகிவிட்டிருந்தன. தேடிப் பார்த்தபோது கணினியில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் ஒன்றாக்குவது அதன் பணி. திரைப்படத்தில் வசனம் கேட்கவில்லை என்பவர்களுக்கு அது உதவும். ஒரு முதியவள் மூச்சு வாங்கும் இடத்தை அறிய விரும்புபவருக்கு அது கேடு.

அதை நிறுத்தினோம். பாட்டு தன் வடிவுக்குத் திரும்பிற்று. மூன்றாம் கண்ணிக்குப் பிறகு பாட்டி சற்றே நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறந்த சொல் ஒன்றைத் தேடி எடுப்பது அப்போதுதான் கேட்டது.

நான்காவது ஆள் என்று நாம் சொன்னது இதைத்தான். இடைகழியில் நெருக்கிய நான்காமவர் அந்த மூவருக்கும் இறைவனாக வெளிப்பட்டார். நம் கணினியில் வந்து நெருக்குபவை அத்தகையவை அல்ல. மேம்படுத்துகிறோம் என்ற பெயரில் ஒலியைத் திருத்தும் வசதிகள், அஞ்சல் வந்ததென்று பாட்டின் நடுவே ஒலிக்கும் மணி, கேளாமலே 44.1 கிலோஹெர்ட்ஸ் இசையை 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றிவிடும் அமைப்பு, இவையே நாம் கண்ட நான்காம் ஆட்கள். பெட்டியாக இருந்த முன்பெருக்கிக்கு இத்தனை புத்தி இல்லை. அதன் குறைகள் சீறலாகவும் முனகலாகவும் வெளிப்படையாகத் தெரிந்தன. கணினியின் குறைகள் மெருகாக வருவதால், அவற்றைக் குறையென்றே நாம் அறிவதில்லை. முன்பெருக்கியாகக் கணினியை ஏற்பதில் நாம் கண்ட உண்மையான ஆபத்து இதுவே. பிட் இழப்பு அன்று.

ஆகவே கணினியை அந்த இடத்தில் நிறுத்த விரும்பும் நண்பர்கள் சிலவற்றைச் செய்துகொள்ள வேண்டும். ஒலிக்கான மேம்பாட்டு வசதிகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். பாடல் இயக்கும் மென்பொருளில் எக்ஸ்க்ளூசிவ் மோடு என்ற தேர்வு இருப்பின் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது வேறெந்த மணியும் உள்ளே நுழையாது. அத்தேர்வில் ஒலியளவை அந்த மென்பொருளிலோ டாக்கிலோ 24 பிட் கணக்கில் குறையுங்கள். மடிக்கணினியின் மின்னூட்டியைச் செருகியதும் 50 ஹெர்ட்ஸ் முனகல் எழுந்தால், அது பெரும்பாலும் இரு கருவிகளின் நிலஇணைப்புகள் ஒன்றோடொன்று வளையமாவதால் வருவது. இரண்டையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். அல்லது ஒளியிழை வழி இணைக்கும் டாக்கை நாடுங்கள். எக்காரணம் கொண்டும் பிளக்கின் மூன்றாம் முள்ளை ஒடித்துவிடாதீர்கள். அது உயிர் காக்கும் முள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆம்ப்ளிஃபயரில் ஒரு திருகு இருக்கட்டும். கணினி திடீரென்று உறைந்து, அளவு முழுவதுமாகத் திறந்துகொண்டால், ஒலிபெருக்கியையும் காதையும் காப்பது அந்தத் திருகே. நம் வீட்டில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. அம்மாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. காலையில் வானொலியைத் திருகித் திறந்து பாட்டுக் கேட்டு வாழ்ந்தவர். கணினியை நடுவில் வைத்த முதல் வாரம், ஒலியைக் குறைக்கக்கூட நம்மை அழைக்க வேண்டியதாயிற்று. “உன் பாட்டு, நீயே கேளு” என்று அடுக்களைக்குப் போய்விட்டார். ஒரு கருவி வீட்டிலுள்ள ஒருவரை விருந்தாளியாக்கிவிடுமென்றால் அதன் துல்லியத்தால் என்ன பயன்? மெக்கானிக் பிடிவாதமாக வைத்த திருகில் அம்மாவின் கை இப்போது தானாகப் போகிறது.

இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் முள்ளுக்கான முன்பெருக்கியை விட முடியாது. தொலைக்காட்சி, வானொலி, தட்டு என நான்கைந்து கருவிகளை மாற்றி மாற்றிக் கேட்கும் வீடுகளுக்கும் தனிப்பெட்டியே வசதி. முன்பெருக்கி ஒலிக்கு ஓர் இதத்தைச் சேர்க்கிறது என்பவர்களோடு நமக்கு வழக்கில்லை. சேர்ப்பது உண்மை, அந்தச் சேர்க்கையை விரும்புவது அவரவர் சுவை. ஆனால் பாடலெல்லாம் கணினியிலேயே இருக்கும் ஒருவர், அதற்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைக்க மாதச் சம்பளத்தைக் கொட்டிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஒலிபெருக்கிப் பெட்டி செய்துகொள்ளலாம். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத்தின் ஊர் கள்ளக்குறிச்சி. மரத்தின் குணம் அறிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அல்லது, மலையேறி இன்னும் சில பாட்டிமார்களைப் பதிவு செய்யலாம். நம் தேர்வு இரண்டாவது.

ஏனெனில் இந்த அனுபவத்தில் நம்மைத் துன்புறுத்துவது கருவியைப் பற்றிய கேள்வி அன்று. கேட்டவன் காதிலும் கருவியிலும் இருந்த பிழையைப் பாடியவள் மேல் ஏற்றினோமே, அதுதான். வாய்மொழிப் பாடல்களைத் தேடிப் போகும் நம்மவர்கள் எத்தனை பதிவுகளை “சரியில்லை” என்று ஒதுக்கியிருப்போம்? அவற்றுள் எத்தனை, நம் மேசைமேலிருந்த மலிவான பலகையின் சீறலால் தீர்ப்பளிக்கப்பட்டவை? பழைய ஒலிநாடாக்களும் தாழ்ந்த பதிவுகளும் வைத்திருக்கும் நண்பர்கள், தூக்கி எறியுமுன் ஒருமுறை அவற்றைக் கணினிக்கு மாற்றி, நடுவில் எதுவும் குறுக்கிடாமல் கேட்டுப் பாருங்கள் என்று வேண்டுகிறோம்.

அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சீராக்கிய பதிவைக் கொடுத்தனுப்பினோம். பாட்டி தன் குரலை முதல்முறையாக முழுவதும் கேட்டிருக்கிறார். கேட்டு முடித்ததும் பாராட்டவுமில்லை, கோபிக்கவுமில்லை. “ஒலக்கச் சத்தம் இல்லாம இது என்னா பாட்டு?” என்றாராம். உரலும் உலக்கையும் கொண்டுவந்து வைத்தால் மறுபடி பாடுவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊரில் ஓர் உரல் இருக்கிறதாம். வரும் தை மாதம் நாமும் உடன் போகிறோம்.